வயிற்றுப் புழுக்களும் பூச்சி மருந்தும்



'பூச்சி மருந்து' என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்கள் பலருக்கு முகம் சுளிக்கும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த விளக்கெண்ணெய், அன்று முழுவதும் லயத்துக்கும் கக்கூசுக்குமாக நடந்த நடை, மாலையில் ஊற்றிக் கொடுத்த கஞ்சித் தண்ணீர் இவையெல்லாம் நினைவுக்கு வரும். பேதி போனால் பூச்சி போய்விட்டது என்று நம் பாட்டிமார்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் தொடங்கித் தஞ்சோங் மாலிம் வரையில் பால் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல ஈப்போவைச் சுற்றியுள்ள பட்டணப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் வயிற்றுப் பூச்சியைப் பற்றிய பழைய எண்ணங்களும் பழைய அச்சங்களும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்திருக்கின்றன. தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் எங்களிடம் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் மூன்று. பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுக்கலாமா? எந்த மருந்து நல்லது? ஒருமுறை கொடுத்தால் போதுமா? இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு இன்று விளக்கமாகப் பேசுவோம்.

முதலில், பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே உயிரைக் குறிப்பதன்று. நம் பக்கத்தில் முக்கியமாக நான்கு வகைப் புழுக்கள் உண்டு.

முதலாவது உருண்டைப் புழு. நாக்குப் பூச்சி என்றும் சொல்வார்கள். மண்புழுவைப் போல ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாகக்கூட வளரும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். முட்டைகள் மண்ணில் கிடந்து, கழுவாத கை வழியாகவும், கழுவாத காய்கறி வழியாகவும் வாய்க்குள் போகின்றன. இரண்டாவது சாட்டைப் புழு. சாட்டையின் கயிறு போல முன்பாகம் மெலிந்தும், பிடி போலப் பின்பாகம் தடித்தும் இருக்கும். இதுவும் வாய் வழியாகவே நுழைகிறது. மூன்றாவது கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு போலிருக்கும். இரவில் ஆசனவாயில் வந்து முட்டையிட்டுப் பிள்ளையைத் தூங்கவிடாமல் அரிக்க வைக்கும். நான்காவது கொக்கிப் புழு. கண்ணில் படாத சிறிய புழு. நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் இந்நான்கில் தோட்ட மக்களை அதிகம் வாட்டியது இதுதான். எனவே இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொக்கிப் புழு வாய் வழியாக வர வேண்டும் என்ற அவசியமில்லை. இதைக் கண்டுபிடித்த வரலாறே சுவையானது. எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இருந்தார். கொக்கிப் புழுவின் குஞ்சுகள் நிறைந்த நீரைக் கொண்டு அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது அதில் சிறிது அவருடைய கையில் சிந்திவிட்டது. சிந்திய இடத்தில் அரிப்பும் சிவப்பும் கண்டன. சில வாரங்கள் கழித்துத் தம் மலத்தை நுண்பெருக்கியில் பார்த்தார்; கொக்கிப் புழுவின் முட்டைகள் இருந்தன! புழு தோலைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் புகும் என்ற உண்மையை அவர் 1898இல் உலகுக்கு அறிவித்தார்.

இப்போது நம் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்நாளில் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாகக் காட்டுக்குள் இறங்குவார்கள். பால் வெட்டும்போது இடையில் ஒதுங்க வேண்டுமென்றால் மரத்தடிதான். பால்மர நிழலில் மண் எப்போதும் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். வெயில் நேராக விழாது. கொக்கிப் புழுவின் முட்டை பொரிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஐந்து முதல் பத்து நாளில் குஞ்சு தோலைத் துளைக்கும் பருவத்தை அடைந்துவிடும். அதே நிரையில் அதே மரங்களை வெட்டப் பாதணியில்லாத கால் மறுபடியும் மறுபடியும் வரும். கால் விரல் இடுக்கில் மண் சொறி என்று அரிக்கும். அது சேற்றுப்புண் என்று எண்ணிச் சுண்ணாம்பு தடவுவார்கள். ஆனால் அதற்குள் குஞ்சு உள்ளே போயிருக்கும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைந்து, குடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கத் தொடங்கும்.

எவ்வளவு குடிக்கும்? நம் நாட்டில் பெரும்பாலும் காணப்படும் வகைக் கொக்கிப் புழு ஒன்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் வீணாகிறது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு புழுக்கள் இருந்தால் நாளைக்கு 3 மில்லிலிட்டர். முப்பது நாளில் 90 மில்லிலிட்டர். அதாவது ஏறத்தாழ அரைக் கிளாஸ் இரத்தம். அதிலுள்ள இரும்புச் சத்தில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொண்டாலும், மீதி போனது போனதுதான். மாதவிடாயிலும் பிள்ளைப்பேற்றிலும் ஏற்கனவே இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இது எப்படித் தாங்கும்? முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், மேட்டில் ஏற முடியாது, கால் வீங்கும். இதைத்தான் சோகை என்றும் பாண்டு என்றும் நம் முன்னோர் சொன்னார்கள்.

இந்த நோய் ஏழைத் தொழிலாளிக்கு இன்னொரு கேட்டையும் செய்தது. அவனுக்குச் சோம்பேறி என்ற பெயரை வாங்கித் தந்தது. 1902இல் அமெரிக்காவின் தென்பகுதி ஏழை மக்களிடையே கொக்கிப் புழு பரவியிருப்பது தெரியவந்தபோது, அங்குள்ள பத்திரிகைகள் இதற்குச் 'சோம்பேறித்தனக் கிருமி' என்று கேலிப் பெயரே வைத்துவிட்டன. அதற்கும் முன்பு, 1880 வாக்கில் ஐரோப்பாவில் கோத்தார்டு மலையைக் குடைந்து இரயில் பாதை அமைத்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வெளுத்துச் சோர்ந்து விழுந்தார்கள். அவர்களையும் வாட்டியது இதே கொக்கிப் புழுதான். ஆகவே இது தோட்டத் தமிழனுக்கு மட்டும் வந்த நோயன்று. கழிப்பிட வசதியில்லாமல் ஈரமண்ணில் வெறுங்காலோடு உழைத்த எல்லா நாட்டுத் தொழிலாளிக்கும் வந்த நோய். உழைக்க முடியாமல் நின்றவன் சோம்பேறியல்லன், இரத்தத்தை இழந்தவன்.

நம் நாட்டுக்கு வருவோம். 1915 முதல் 1917 வரையில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் சாமுவேல் டார்லிங் என்ற மருத்துவர் தலைமையில் ஒரு குழுவைக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பியது. மலாயா, ஜாவா, பிஜித் தீவுகள் ஆகிய இடங்களில் அவர்கள் கொக்கிப் புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தார்கள். அந்த அறிக்கை 1920இல் வெளிவந்தது. தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள் என்பது இக்குழுவின் சிறப்பு. ஒருவரிடம் புழு இருக்கிறதா இல்லையா என்பதைவிட எத்தனை புழு இருக்கிறது என்பதே முக்கியம் என்ற பாடத்தை உலகம் கற்றது இப்படிப்பட்ட எண்ணிக்கைகளால்தான். பத்துப் புழு உள்ளவர் நடமாடுவார். சில நூறு உள்ளவர் படுத்துவிடுவார்.

அவர்கள் கொடுத்த மருந்துகள் எவை? இங்கேதான் நம் பாட்டிமார்களின் அச்சத்துக்குக் காரணம் கிடைக்கிறது. அந்நாளில் கொக்கிப் புழுவுக்குத் தைமால் என்ற ஓமச் சத்தும், கெனோபோடியம் என்ற செடியின் எண்ணெயும் கொடுக்கப்பட்டன. கெனோபோடியம் எண்ணெய் புழுவைக் கொல்லும். அளவு மீறினால் ஆளையும் கொல்லும். பிறகு 1921இல் மாரிஸ் ஹால் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவம் கொக்கிப் புழுவை நன்றாக வெளியேற்றுவதைக் காட்டினார். விலை மலிவு, உலகெங்கும் தோட்டங்களில் இலட்சக்கணக்கானோர் குடித்தார்கள். ஆனால் அது ஈரலைக் கெடுக்கும் திரவம். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கேடு பல மடங்கு. கள்ளுக்கடை இருந்த தோட்டத்தில் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. 1925இல் அவரே இதைவிட ஆபத்துக் குறைந்த டெட்ராகுளோரெத்திலீன் என்ற மருந்தை எடுத்துக்காட்டினார். அது பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது.

இந்த மருந்துகளை முதல் நாளே வயிற்றைக் காயப்போட்டுக் கொடுத்தார்கள். பின்னாலேயே பேதி உப்பும் கொடுத்தார்கள். மருந்து உடம்பில் சேராமல் புழுவோடு வெளியேறிவிட வேண்டும் என்பதற்கே அந்தப் பட்டினியும் பேதியும். தலைச்சுற்றலும் வாந்தியும் வராதவர் குறைவு. ஆகவே பூச்சி மருந்து என்றால் பாட்டி பயந்தது அறியாமையினால் அன்று. அவர் காலத்து மருந்து பயப்படத்தக்கதாகவே இருந்தது. ஆனால் அந்த மருந்துகள் வழக்கொழிந்துவிட்டன. மருந்து மாறிய பிறகும் பயத்தை மட்டும் நாம் வைத்துக்கொண்டிருக்கலாமா?

இன்றைய மருந்துகளைப் பார்ப்போம். 1950களில் உருண்டைப் புழுவுக்கும் கீரிப்பூச்சிக்கும் பிப்பரசின் என்ற மருந்து வந்தது. அதன் பின் வந்த மூன்று மருந்துகளே இன்று பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. அவை பைரன்டெல், மெபென்டசோல், ஆல்பென்டசோல். 1970களில் முதலிரண்டும் மனிதர்களுக்குப் பரவலாக வந்தன. 1980களில் ஆல்பென்டசோல் வந்தது.

இவை வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பல சந்தேகங்கள் தாமே தீரும். பைரன்டெல், புழுவின் தசைகளை விறைக்க வைத்துவிடுகிறது. விறைத்த புழுவால் குடலைப் பற்றிக்கொள்ள முடியாது. மலத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும். மெபென்டசோலும் ஆல்பென்டசோலும் வேறு வகை. புழுவின் உயிரணுக்களுக்குள்ளே சத்தைக் கொண்டு சேர்க்கும் நுண்ணிய குழாய்களை அவை கட்டவிடாமல் தடுக்கின்றன. சர்க்கரைச் சத்தை இழுத்துக்கொள்ள முடியாமல் புழு பட்டினி கிடந்து சில நாட்களில் சாகிறது. மனித உடம்பிலும் அத்தகைய குழாய்கள் உண்டு. ஆயினும் மருந்து புழுவினுடையவற்றையே இறுகப் பற்றுகிறது. தவிர, வாயால் உண்ணும் மருந்தில் சிறு பகுதியே குடலிலிருந்து இரத்தத்தில் சேர்கிறது. அதனால்தான் இம்மருந்துகள் புழுவுக்குக் கடுமையாகவும் நமக்கு மென்மையாகவும் இருக்கின்றன.

இதிலிருந்து விளங்குவது என்ன? ஒன்று, இவற்றுக்குப் பட்டினி தேவையில்லை, பேதியும் தேவையில்லை. இரண்டு, 'மாத்திரை கொடுத்தேன், ஒரு பூச்சிகூட விழவில்லை, மருந்து சரியில்லை' என்று சொல்வது தவறு. பட்டினியால் செத்த புழு மெல்லச் சிதைந்து கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். கொக்கிப் புழுவோ முதலிலேயே கண்ணுக்கு எளிதில் தெரியாதது.

எவ்வளவு கொடுப்பது? ஆல்பென்டசோல் என்றால் 400 மில்லிகிராம் மாத்திரை ஒரே ஒரு வேளை. மெபென்டசோல் என்றால் 500 மில்லிகிராம் ஒரே வேளை, அல்லது 100 மில்லிகிராம் காலையும் மாலையுமாக மூன்று நாள். பைரன்டெல் உடம்பின் எடைக்கு ஏற்ப அளக்கப்படும். ஆகவே பிள்ளையின் எடை தெரிந்திருக்க வேண்டும். ஆல்பென்டசோலை ஒரு வயது நிறைந்து இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் பாதி அளவாகக் கொடுப்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. ஆயினும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் நாமாகக் கொடுக்கக் கூடாது. சிறு பிள்ளைக்கு மாத்திரையை முழுதாக வாயில் போட்டு மூக்கைப் பிடிப்பது மிகவும் ஆபத்து. மூச்சுக்குழலில் சிக்கிவிடும். நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பெரிய பிள்ளை மென்று விழுங்கட்டும். அழுகின்ற பிள்ளைக்கு வலிந்து ஊட்டாதீர்கள்.

கர்ப்பிணிப் பெண்கள் முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துகளைச் சாப்பிடக் கூடாது. அதற்குப் பிறகும் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் சொன்னால் மட்டுமே. கருவுற்றிருக்கலாம் என்ற ஐயமிருந்தாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள பெரிய பெயரை மட்டும் பார்க்காமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் அதற்கும்தானே இருக்கிறது!

ஒரே மருந்து எல்லாப் புழுவையும் சமமாகக் கொல்லாது. உருண்டைப் புழு எளிதில் போகும். கொக்கிப் புழுவுக்கு ஒரு வேளை மருந்தாக மெபென்டசோலைவிட ஆல்பென்டசோல் நல்லது. சாட்டைப் புழுவோ பிடிவாதம் மிக்கது. ஒரு வேளை மருந்துக்குப் பெரும்பாலும் அசையாது. டாக்டர் சொல்லி மூன்று நாள் கொடுக்க வேண்டியிருக்கும். கீரிப்பூச்சிக்கு வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. எல்லாரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாப்பிட வேண்டும். ஏனெனில் மருந்து புழுவைக் கொல்லும்; படுக்கையிலும் நகக்கண்ணிலும் கிடக்கும் முட்டையைக் கொல்லாது. இப்படிப் புழுவுக்குப் புழு மருந்தும் முறையும் வேறுபடுவதால்தான் மலப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அதற்கு வெட்கப்படக் கூடாது. பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடிப்பது பூச்சிக்கு உறுதியான அடையாளம் அன்று. முட்டையை நுண்பெருக்கியில் பார்ப்பதே அடையாளம். கீரிப்பூச்சிக்கு மட்டும், காலையில் எழுந்தவுடன் ஆசனவாயில் ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்துப் பார்ப்பார்கள்.

இங்கே தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி, புழு குடித்த இரத்தத்தைத் திருப்பித் தராது. வெளுத்துப் போனவர்களுக்குக் கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள், அது இயல்புதான். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஆகவே தேநீரைச் சாப்பாட்டுக்கு ஓரிரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மீன், நெத்திலி, முட்டை, கீரை, அவற்றோடு ஓர் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் நல்லது.

மருந்து இவ்வளவு நல்லதாயிற்றே, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டால் புழு ஒழிந்துவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதை நம் நாடே செய்து பார்த்தது. 1974இல் மலேசியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 1983இல் அது நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வீடும் குழாய்த் தண்ணீரும் கழிவறையும் கிடைத்த இடங்களில் புழு குறைந்துகொண்டே வந்தது. அவை கிடைக்காத ஒராங் அஸ்லி குடியிருப்புகளில் இன்றும் பிள்ளைகளிடம் புழு மிகுதியாகவே காணப்படுகிறது. நாட்டுக்கு வெளியிலும் இதே கதைதான். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 1994 முதல் 2005 வரை நம் இனத்துப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது பல தோட்டப் பள்ளிகளில் புழு மீண்டும் இருக்கக் கண்டார்கள். இந்தியாவில் 2015 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 10ஆம் நாளைக் குடற்புழு நீக்க நாளாக வைத்து, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆல்பென்டசோல் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் பல இடங்களில் திரும்பவும் கொடுக்க வேண்டியிருக்கிறது. உலகத்தில் இன்னும் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு மண் வழிப் பரவும் புழுக்கள் உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதன் பொருள் மருந்து வீண் என்பதன்று. மருந்து உள்ளே இருக்கும் புழுவை நீக்கும். மண்ணிலிருக்கும் புழுவை நீக்காது. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கலாம்; இறைக்காவிட்டால் மூழ்கும். ஆனால் ஓட்டையை அடைப்பது வேறு வேலை. அந்த ஓட்டையை அடைப்பவை கழிவறையும் காலணியும் சோப்பும்தான். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் தண்ணீரும் சுகாதார வசதியும் தர வேண்டும் என்று 1966இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1990இல் இன்னொரு சட்டமும் வந்தன. இவை முதலாளி காட்டும் கருணையல்ல, தொழிலாளிக்குரிய உரிமை. கழிவறை உடைந்து கிடந்தால் காட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், சங்கத்தின் வழியாகவும் தொழிலாளர் இலாகாவிலும் முறையிட்டுச் சரிசெய்ய வைப்பதும் ஒரு பூச்சி மருந்துதான்.

மருந்துக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். இல்லாத மந்திர சக்தியைக் கொடுக்கக் கூடாது. இதற்கு நம் ஈப்போவோடு தொடர்புள்ள இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறோம்.

ஐவர்மெக்டின் என்று ஒரு மருந்து. ஜப்பானில் சத்தோஷி ஓமுரா என்ற அறிஞர் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரைக் கொண்டு, அமெரிக்காவில் வில்லியம் கேம்பல் என்பவரும் குழுவினரும் உருவாக்கியது. ஆப்பிரிக்காவில் கண்ணைக் குருடாக்கும் ஆற்றுக் குருட்டு நோய்க்கு 1987 முதல் இலவசமாக வழங்கப்பட்டு எத்தனையோ கிராமங்களைக் காத்தது. நூலளவான ஒருவகைக் குடற்புழுவுக்கும் சொறி சிரங்குக்கும்கூட நல்ல மருந்து. 2015இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே பரிசின் மறுபாதி, மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் கண்ட சீனத்துப் பெண்மணி டூ யூயூ அவர்களுக்குச் சென்றது. இத்தகைய மருந்தைக் கோவிட் காலத்தில் பலர் கோவிட்டுக்கும் மருந்தென்று நம்பித் தேடி அலைந்தார்கள். அந்த நம்பிக்கை மெய்யா பொய்யா என்று சோதித்தவர்கள் நம் மலேசிய மருத்துவர்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் டாக்டர் ஸ்டீவன் லிம் தலைமையில் 2021இல் பல அரசாங்க மருத்துவமனைகளில் 50 வயதுக்கு மேற்பட்ட 490 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஐவர்மெக்டினும் பெற்ற 241 பேரில் 52 பேருக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 249 பேரில் 43 பேருக்கும் நோய் முற்றியது. மருந்து நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை, வயிற்றுப்போக்கைத்தான் அதிகமாக்கியது. 2022இல் வெளியான இந்த ஆராய்ச்சியை உலகமே எடுத்துப் படித்தது. புழுவுக்கு அமுதமானது கிருமிக்கும் அமுதமாக வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று ஆடுகளைப் பற்றியது. ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் ஒன்று இருக்கிறது. மலேசிய ஆட்டுப் பண்ணைகளில் அடிக்கடி புழு மருந்து கொடுத்ததால், பல மருந்துகளுக்கும் அசையாத புழுக்கள் உருவாகிவிட்டதை அக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். மருந்துக்குச் சாகாத புழு மட்டும் பிழைத்துப் பெருகினால் அப்படித்தான் ஆகும். மனிதரிடமும் அந்த நிலை வரவிடக் கூடாது. ஆகவே மாதா மாதம் தாமாக வாங்கிக் கொடுப்பதும், பாதி மாத்திரையை ஒருவருக்கும் பாதியை இன்னொருவருக்கும் பங்கு போடுவதும் வேண்டாம். ஆட்டுக்கு வாங்கிய மருந்தை மனிதர் குடிக்கவே கூடாது. அளவு வேறு, கலப்பு வேறு.

பூச்சி மருந்து கொடுத்தவுடன் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிடுமா? அப்படி உறுதி கூற முடியாது. இதைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நிறையப் புழுவும் இரத்தக் குறைவும் உள்ள பிள்ளை சோர்ந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. பாடம் ஏறாமல் பின்வரிசையில் தலை சாய்த்திருக்கும் பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் சூட்டுவதற்கு முன், அதன் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பு இருக்கிறதா? வெளுத்திருந்தால் பிரம்பு வேண்டாம். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

முடிவாக, கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிவிடுவோம். பூச்சி மருந்து கொடுக்கலாமா? கொடுக்கலாம், இன்றைய மருந்துகள் முறையாகக் கொடுத்தால் அஞ்சத்தக்கவை அல்ல. எந்த மருந்து? புழுவையும் வயதையும் பொறுத்தது. பரிசோதித்துக் கேட்டுக் கொடுங்கள். ஒருமுறை போதுமா? மண்ணும் கையும் காலும் பழையபடியே இருந்தால் போதாது. கழிவறையைப் பயன்படுத்துங்கள், சிறு குழந்தையின் மலத்தையும் கழிவறையிலேயே கொட்டுங்கள், காலணியில்லாமல் காட்டிலோ தோட்டத்திலோ இறங்காதீர்கள், நகத்தை வெட்டுங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நம் பாட்டனாரும் பாட்டியாரும் தம் இரத்தத்தைப் பால்மரத்துக்கு உரமாக்கினார்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். அந்த இரத்தத்தில் ஒரு பங்கு கொக்கிப் புழுவுக்கும் போயிற்று. நம் பிள்ளைகளின் இரத்தம் அவர்களிடமே இருக்கட்டும்.